மூச்சோடு இறக்கும் வண்டி

அந்த வண்டியில் குறை என்று ஒன்றுதான், பெட்ரோல் குடிக்கும். மற்றபடி நான் ஓட்டிய எந்த வண்டியும் அதன் பக்கத்தில் நிற்காது.

போலீஸ் ரிப்போர்ட்டில் நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள் சார். நான் மூன்றாங்கிளாஸோடு நின்றவன், யாராவது வாசித்தால்தான் எனக்குத் தெரியும். 'மேற்படி ஓட்டுநர் ராஜாங்கம் முதியவர், படிப்பறிவில்லாதவர், அறியாமையால் அவ்விதம் கூறியிருக்கலாம்' என்று வருகிறது. படிப்பறிவு இல்லாதவன் என்பது சரி. அறியாமையால் என்பதை அடித்துவிடுங்கள். எனக்குத் தெரியாமல் அந்த வண்டிக்குள் ஒன்றும் நடந்ததில்லை. நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள். எழுதிய பிறகு இன்னொருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். உங்களை நம்பாமல் இல்லை. நான் யாரையும் நம்புகிறதில்லை.

தொண்ணூற்றாறில் பொம்மையார்பாளையத்தில் கடலைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் கெஸ்ட் ஹவுஸ் கட்டினார். லண்டன் பக்கத்து ஆள். கப்பலில் கொண்டுவந்து இறக்கிய வண்டி அது. கார்தான், ஆனால் பின்னால் டிக்கி கிடையாது. கூரை கடைசிவரைக்கும் அப்படியே போகும், பின்கதவு மேலே தூக்கித் திறக்கும். ஸ்டேஷன் வேகன் என்று சொல்வார். பானெட்டைத் திறந்தால் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் இருக்கும். அதுவரை நாலு சிலிண்டருக்கு மேல் நான் பார்த்ததில்லை. டிரைவராகச் சேர்ந்த முதல்நாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திண்டிவனம்வரை ஓட்டிக் காட்டினார். நூற்றிருபதில் போகிறது என்று முள் காட்டியது. நான் நம்பவில்லை. கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டிப் பார்த்தபிறகுதான் நம்பினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே சத்தமே கிடையாது. பின்சீட்டில் யாராவது கொட்டாவி விட்டால்கூட டிரைவருக்குக் கேட்கும். இதை எழுதிக்கொள்ளுங்கள், முக்கியம்.

எட்டு வருஷம் அவருக்கு ஓட்டினேன். சுனாமியில் கெஸ்ட் ஹவுஸ் போயிற்று, வண்டிக்குள் உப்புத்தண்ணீர் ஏறிவிட்டது. சாவியைக் கொடுத்து, பேப்பரை என் பேருக்கு மாற்றிவிட்டு, அவர் ஊருக்குப் போய்விட்டார். நல்ல மனசு என்று எல்லாரும் சொன்னார்கள். ஓடாத வண்டியை யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள். ஒரு வருஷம் போல நான் அதைப் பிரித்துக் கழுவிப் பூட்டினேன். ஆறில் ஒன்றுகூடப் பிசகாமல் கிளம்பியது.

அது கிளம்பிய நாலாம் மாசம், இரண்டாயிரத்து ஆறு சித்திரையில், என் சம்சாரம் வடிவு கொல்லையில் மல்லாட்டை, உங்கள் ஊர் நிலக்கடலை, காயவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தோம். நாலாம் நாள் டாக்டர் கூப்பிட்டு, "இனிமே வெச்சிருந்து பிரயோஜனம் இல்லீங்க. வீட்டுக்குக் கொண்டு போறதுன்னா கொண்டு போங்க" என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, நீங்கள் தெற்கத்திக்காரர். வெளியில் உயிர் போனவரை எங்கள் ஆட்கள் வாசற்படி ஏற்ற மாட்டார்கள். தெருவிலேயே பந்தலில் கிடத்தி எடுத்துவிடுவார்கள். வீட்டு நடுவில் படுக்கவைத்து, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வாயில் ஒரு மடக்குப் பால் ஊற்றி, அதற்கப்புறம் போனால்தான் அது ஒழுங்கான சாவு. அதனால் ஆஸ்பத்திரியில் கைவிரித்ததும், மூச்சு இருக்கும்போதே ஓட்டமாய்க் கொண்டுவருவார்கள். தொண்டையில் குழாய் இருக்கும். குழாயின் முனையில் ஒரு ரப்பர் பை. அதைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டே வரவேண்டும். வீட்டுக்கு வந்ததும் குழாயை எடுத்துவிடுவார்கள்.

பின்சீட்டை மடக்கினால் ஆறடி ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். வடிவு ஐந்தடிகூட இல்லை. அவள் தங்கை சின்னபொண்ணு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பையை அமுக்கிக்கொண்டு வந்தாள். விக்கிரவாண்டி தாண்டியதும் அவள் கத்தினாள்.

"மாமா, வண்டியத் திருப்பு. அக்கா கண்ணத் தொறக்குது."

கண்ணாடியில் பார்த்தேன். திறந்துதான் இருந்தது.

"கடைசி நேரத்துல அப்படித்தான் தொறப்பாங்க. நீ அமுக்கிக்கினே வா" என்றேன்.

"இல்ல மாமா, என்னப் பாக்குது. திருப்பு மாமா."

நான் திருப்பவில்லை. வீட்டில் பந்தல் போட்டாகிவிட்டது, ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், டாக்டரும் சொல்லிவிட்டார். திண்டிவனத்தில் வீட்டில் கொண்டுவந்து மூச்சோடு இறக்கினேன். பால் ஊற்றினோம். போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்தில், அத்தனை பேர் நடுவில், சின்னபொண்ணு எழுந்து நின்றாள். "எங்க அக்காவ நீ சாவக் கொண்டாரல. சாவடிக்கக் கொண்டாந்த" என்று சொல்லிவிட்டு, இலையில் உட்காராமல் வளவனூருக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாள். அதற்கப்புறம் என் வீட்டுப்பக்கம் அவள் வந்ததே இல்லை. ஏழு வருஷம் என்னோடு ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

எனக்குக் கோபம் இல்லை சார். ஆனால் ஒரு கணக்கு நேராக வேண்டியிருந்தது. கடைசி நேரத்தில் கண்ணைத் திறப்பார்கள் என்று சொன்னேனே, அது உண்மையா என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உண்மையென்றால் நான் செய்தது சரி. இல்லையென்றால் சின்னபொண்ணு சொன்னது சரி. டாக்டரைக் கேட்கலாம் என்பீர்கள். ஏற்றிக்கொண்டு போ என்று சொன்னவனே டாக்டர்தான். அவனைக் கேட்டு என்ன ஆகப்போகிறது. நானே பார்த்துத் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தேன்.

அப்படித்தான் இந்த வேலைக்கு வந்தேன். விழுப்புரத்தில் எந்த ஆஸ்பத்திரியில் கைவிரித்தாலும் எனக்குப் போன் வரும்படி செய்துகொண்டேன். உள்ளே இன்னொரு கண்ணாடி மாட்டினேன். ரோட்டைப் பார்க்கிற கண்ணாடி இல்லை. பின்னால் படுத்திருப்பவர் முகம் தெரிகிறமாதிரி சாய்த்து மாட்டினது. ராஜாங்கம் சம்சாரம் போனதிலிருந்து புண்ணியத்துக்கு ஓட்டுகிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவும் இல்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

நல்ல பேர் வந்தது. ஆம்புலன்ஸ் குலுக்கும், அலறும், பாதி வழியிலேயே உயிர் போய்விடும். என் வண்டி நாலு வழிச்சாலையில் நூற்றுநாற்பதில் தண்ணீரில் போகிறமாதிரி போகும். பின்னால் எத்தனை பேர் ஏறினாலும் தாழாது, தானாக நிமிர்ந்துகொள்ளும். அந்த நீட்டு வண்டியில் ஏற்றினால் மூச்சோடு இறக்கலாம் என்று செஞ்சியிலிருந்துகூடக் கூப்பிட்டார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர்களுக்கு வயிற்றெரிச்சல். அதில் முருகையன் என்று ஒருவன், ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்தாலே ஆரம்பிப்பான்.

"யோவ் பெருசு, உன் வண்டி வந்து நின்னாலே உள்ள இருக்கிறவன் ட்ரிப்ஸ் பாட்டிலோட எழுந்து ஓடுறான்யா."

"ஓட முடிஞ்சவன் உன் வண்டியில ஏறட்டும். வழியில நீ முடிச்சிடுவ."

"எனக்கு ஒண்ணுன்னா மட்டும் உன்னக் கூப்புட மாட்டேன், பாத்துக்க."

"அப்பல்லாம் நீயா கூப்புடப் போற? உன் பொண்டாட்டி கூப்புடும்."

குழாயை எடுக்கிற வேலையும் என்னிடம் வந்தது. பெற்ற பிள்ளைக்குக் கை வருமா? வராது. "பெரியவரே, நீங்களே எடுத்துடுங்க" என்பார்கள். எடுப்பேன். பிறகு பால் ஊற்றச் சொல்வேன். எப்போது ஊற்ற வேண்டும், எப்போது போதும், எல்லாம் என் வாயைப் பார்த்துத்தான் செய்வார்கள். ஒரு நர்ஸம்மா எனக்கு முன்பே சொல்லியிருந்தது, குழாய் எடுத்தவர்கள் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, விழுங்கத் தெம்பு இருக்காது, நெஞ்சுக்குள் போய் மூச்சை அடைத்துவிடும் என்று. சாகப்போகிறவர்களுக்கு அதனால் என்ன என்று நினைத்து நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஏழு வருஷத்தில் இருநூற்றுப் பதினோரு பேரைக் கொண்டுபோனேன். ஒவ்வொருவர் முகத்தையும் அந்தக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கிழவர், கிழவி, பூச்சிமருந்து குடித்தவர்கள், லாரியில் அடிபட்டவர்கள். ஒருவர்கூடக் கண்ணைத் திறக்கவில்லை.

வருஷம் ஆக ஆக எனக்கு அது பேஜாராய்ப் போயிற்று. யாராவது ஒருவர் திறக்க மாட்டார்களா என்று பார்ப்பேன். திறந்து, வீட்டுக்கு வந்து செத்தால் போதும். ஒரே ஒருவர்.

இரண்டாயிரத்துப் பதிமூன்று ஆடி மாசம், பகல் பதினோரு மணிக்கு, விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் கைவிரித்த கெங்கம்மாளை ஏற்றினேன். ஐம்பத்தெட்டு வயசு. நாற்று நடப் போன இடத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறது. திண்டிவனம் தாண்டி மரக்காணம் ரோட்டில் பன்னிரண்டு கிலோமீட்டர் போய், உள்ளே திரும்புகிற ஊர். மகன் நெடுஞ்செழியன் பந்தலுக்கும் மேளத்துக்கும் சொல்ல முன்னால் மோட்டார்சைக்கிளில் போய்விட்டான். மகள் அன்புச்செல்வி மட்டும் பின்னால் ஏறிப் பையை அமுக்கிக்கொண்டு வந்தது. இங்கே வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறதே, அந்தப் பெண்தான்.

மயிலம் கூட்டுரோட்டுக்கு இந்தப் பக்கம் கண்ணாடியில் பார்த்தேன். கெங்கம்மாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா," என்றது அந்தப் பெண். "ஐயா, அம்மா முழிச்சிக்கிச்சி. என் கையப் புடிக்குது."

நான் ஏசியை நிறுத்தினேன். எஞ்சின் சத்தம்தான் உள்ளே வராதே. அந்தப் பெண் பதற்றத்தில் பையை அமுக்காமல் விட்டுவிட்டது. அப்படியும் மூச்சு கேட்டது. உள்ளே போனது, வெளியே வந்தது. எட்டு வரைக்கும் எண்ணினேன். யாரும் அமுக்காமல் எட்டு மூச்சு. ஆம்புலன்ஸாக இருந்தால் கேட்கவில்லை என்று சொல்லலாம். இந்த வண்டியில் அப்படிச் சொல்ல முடியாது. அதனால்தான் முன்பே எழுதச் சொன்னேன்.

"திருப்புங்க ஐயா, ஆஸ்பத்திரிக்கே போய்டலாம்."

"எம்மா, கடைசி நேரத்துல அப்படித்தான் தொறப்பாங்க. நீ அமுக்கிக்கினே வா."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, ஏழு வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தை.

அந்தப் பெண் அண்ணனுக்குப் போன் போட்டது. அழுதுகொண்டே என்னவோ சொல்லி, போனை என் காதில் வைத்தது. "பெரியவரே, தங்கச்சி என்னென்னவோ சொல்லுது. எனக்கு ஒண்ணும் ஓடல. நீங்க பாக்காததா? நீங்க சொல்லுங்க, என்ன பண்லாம்?" என்றான் நெடுஞ்செழியன்.

"எல்லாருக்கும் இப்படித்தான் ஆவும். வந்துக்கினே இருக்கேன். பால் காச்சி வெச்சிரு" என்றேன்.

இருநூற்றுப் பதினோரு பேரில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

கூட்டுரோட்டில் நடுத்திட்டில் இடைவெளி இருக்கிறது. அங்கே திருப்பினால் இருபது நிமிஷத்தில் விழுப்புரம். அந்த வண்டிக்கு அது ஒன்றுமே இல்லை. திருப்பியிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன் சார், யோசிக்காமல் செய்யவில்லை. அவள் பிழைத்துவிடலாம். பிழைத்தால், கண்ணைத் திறந்தவர்களைத் திருப்பிக் கொண்டுபோனால் பிழைப்பார்கள் என்று ஆகிவிடும். ஆகிவிட்டால் வடிவு? அதற்கு நான் எங்கே போய் நிற்பது? இடைவெளி தாண்டிப் போயிற்று. திண்டிவனத்திலும் ஆஸ்பத்திரி இருக்கிறது. டவுனுக்குள் போனால் அந்தப் பெண் போர்டைப் பார்த்துவிடும். பைபாஸில் சுற்றி மரக்காணம் ரோட்டைப் பிடித்தேன். அன்றைக்கு ஓட்டினமாதிரி நான் என்றைக்கும் ஓட்டியதில்லை. பைபாஸில் வேகம் நூற்றைம்பதுக்குக் குறையவில்லை, ஒரு இடத்திலும் பிரேக்கை அழுத்தி மிதிக்கவில்லை.

ஊர் முனையில் மேளம் தயாராக நின்றது. வீட்டு வாசலில் கெங்கம்மாள் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி பேனரைக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைய தேதியை மறைவுத் தேதியாகப் போட்டு அச்சடித்துவிட்டிருந்தார்கள். அந்த அம்மாளை அதற்குக் கீழேதான் இறக்கினோம்.

வீட்டு நடுவில் கிடத்தி, நான்தான் குழாயை எடுத்தேன். இருமினாள். மூச்சு நிற்கவில்லை. தலையை லேசாகத் திருப்பி, "செல்வி" என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள். கூட்டத்தில் ஒரு கிழவி, "ஐயோ, பேசுதுடி" என்று கத்தினாள். அன்புச்செல்வி என் காலைப் பிடித்துக்கொண்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"கடைசிப் பேச்சு," என்றேன். "ஜல்தியா பால ஊத்துங்க. பெத்த பொண்ணு பேரச் சொல்லிக் கூப்புடுது, அது கையாலயே மொதல்ல ஊத்தச் சொல்லுங்க."

ஊற்றியது. அதற்கப்புறம் மகன், மருமகள், கொழுந்தன், அக்கம்பக்கம், இருபது பேருக்குக் குறையாது. நாலாவது மடக்கிலேயே புரை ஏறியது. கெங்கம்மாள் கையைத் தூக்கி டம்ளரைத் தள்ளினாள். நல்ல கை, இழுக்காத பக்கத்துக் கை. அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். பார்த்தவர்களுக்கு ஆறுதலாகப் பிடித்தமாதிரி இருந்திருக்கும். பலம் இருந்தது சார், நடவு நடுகிற கை. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. அரை மணி நேரத்தில் அடங்கிவிட்டது.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நீங்கள் என்னைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு நேராக வளவனூர் போனேன். சின்னபொண்ணு வாசலில் முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள்.

"சின்னபொண்ணு, இன்னைக்கு ஒரு பொம்பள வழியில கண்ணத் தொறந்துச்சி. உங்க அக்கா மாதிரியேதான். வீட்டுக்கு வந்து அரை மணியில போயிடுச்சி. இப்ப என்ன சொல்ற?"

ஏழு வருஷத்தில் அவள் தலை முழுக்க நரைத்திருந்தது.

"திருப்பிக் கொண்டு போய்ப் பாத்தியா மாமா?" என்றாள்.

நான் வண்டிப் பக்கம் திரும்பினேன்.

"எந்த ஊரு பொம்பள அது?"

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவள் நம்ப வேண்டுமே, ஊரையும் பேரையும் சொன்னால்தானே நம்புவாள். அவள் பதினாறாம் நாளுக்கு அந்த ஊருக்குப் போய் அன்புச்செல்வியைப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் யாரோ ஒரு பையன் செல்போனில் எடுத்துவைத்திருந்த வீடியோவைத் தேடி எடுத்து, இங்கே புகார் கொடுத்திருக்கிறார்கள். வீடியோவில் கெங்கம்மாள் கை டம்ளரைத் தள்ளுவதும், நான் பிடித்துக்கொள்வதும் தெரிகிறது என்றீர்கள். எனக்குக் காட்ட வேண்டாம்.

அந்தப் பெண் நர்ஸைக் கேட்டதாம், அம்மா ஏன் முழித்தது என்று. மயக்க மருந்து தெளிந்திருக்கும் என்று நர்ஸ் சொன்னதாம். இருக்கலாம். வேறு யாருக்கும் தெளியவில்லையே என்று கேட்டுப் பாருங்கள்.

"பெரியவரே, இது கேஸே ஆவாது, நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்று நீங்கள் சொன்னீர்கள். போகிறவன் என்றால் வந்திருக்கவே மாட்டேன். கெங்கம்மாள் வண்டியில் தானாக மூச்சு விட்டாள், எனக்குத் தெரியும். திருப்பியிருந்தால் பிழைத்திருப்பாள், அதுவும் தெரியும். வாயில் பால் ஊற்றினால் போய்விடுவாள் என்று தெரிந்துதான் ஊற்றச் சொன்னேன், கையைப் பிடித்துக்கொண்டேன். நான்தான் கொன்றேன். அப்படியே எழுதுங்கள்.

கூடவே இதையும் எழுதுங்கள். இருநூற்றுப் பதிமூன்று பேர் அந்த வண்டியில் வந்ததில் கண்ணைத் திறந்தவர்கள் வடிவு ஒருத்தி, கெங்கம்மாள் ஒருத்தி. இரண்டு பேரும் வீட்டுக்கு வந்த அரை மணிக்குள் போய்விட்டார்கள். ஆகவே வடிவு விஷயத்தில் நான் தப்பு எதுவும் செய்யவில்லை.